ஏழாவது வீட்டில் கை நின்றுபோனது

இடையன்குடிப் பக்கத்திலிருந்து:

கிட்டார் வாசிக்கிற நம்ம பக்கத்து ஆட்கள் யாராவது, வாசிக்கும்போது கை இறுகி நின்றுபோகிற இந்தத் தொல்லையில் மாட்டி மீண்டிருந்தால் எழுதுங்கள்.

போன டிசம்பரில் எங்கள் சபைக் கேரல் ரவுண்ட்ஸுக்கு நான்தான் கிட்டார். சின்ன ஊர்தான், ஆனாலும் வீடு அறுபதுக்குக் குறையாது. ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினால் கடைசி வீட்டில் ஜெபம் முடிய விடியக்காலை நாலு ஆகிவிடும். வீட்டுக்கு இரண்டு பாட்டு, நடுவில் காபியோ கேக்கோ. டிரம்ஸ் தம்பி டெம்போவை நிமிடத்துக்கு 130 தட்டுக்குக் கீழே இறக்கவே மாட்டான்.

ஏழாவது வீட்டில் இடது கைக் கட்டைவிரல் மேட்டுச் சதை கல்லாகிவிட்டது. எஃப் கார்டு பிடிக்கப் போனால் ஆள்காட்டி விரல் எல்லாக் கம்பி மேலும் படியவில்லை. வலது முன்னங்கை எரிந்தது. எட்டாவது வீட்டில் கம்பியைத் தொடாமல் கையை மட்டும் ஆட்டினேன். லோடு ஆட்டோவில் கீபோர்டு வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பாட்டி மட்டும், "ஏ ஐயா, உன் பெட்டிச் சத்தத்தையே காணோமே?" என்று கேட்டுவிட்டார்.

கையில் பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஸ்பிரிங் வைத்த கைப்பிடி ஒன்றை வாங்கினேன். தினமும் கைக்கு நூறு தடவை அமுக்கினேன். இரண்டு மாதத்தில் பிடி நன்றாக இறுகியது, வாசிப்பு மோசமானது. அதற்கு அப்புறம்தான் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லையாம், முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக வந்து விரலை இழுக்கின்றன. மணிக்கட்டை ஒடித்து வைத்துக்கொண்டு வாசித்தால் அதே வேலைக்கு அவை கூடுதலாக இழுக்க வேண்டும். நானோ கிட்டாரைத் தொடை வரை தொங்கவிட்டு வாசிக்கிற ஆள். வாரை ஏற்றிக் கட்டியதில் பாதி எரிச்சல் போனது. மீதிப் பாதிக்குத்தான் உங்களைக் கேட்கிறேன்.

முக்கூடலிலிருந்து:

என் கதையில் குரு எங்கம்மா. அவர்கள் கிட்டாரைத் தொட்டதே இல்லை. பீடி சுற்றுகிறவர்கள்.

மடியில் சுளகு, அதில் வெட்டின இலையும் தூளும். காலையில் உட்கார்ந்தால் ஆயிரம் பீடி கணக்கு முடிகிற வரை அந்த விரல்கள் நிற்காது. நான் திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் ஸ்கேல் (சுர வரிசை) வாசித்துவிட்டுக் கையை உதறிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "ஏல, எதுக்கு அந்தக் கம்பியைப் போட்டு நெரிக்க? இறுக்கிச் சுத்துனா எனக்கும்தான் விரலு வலிக்கும். பீடியும் இழுவாது, கணக்குப்பிள்ளை கழிச்சுத் தள்ளிருவாரு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அன்று ராத்திரி ஒன்று செய்து பார்த்தேன். ஏழாவது ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃபிரெட்) கம்பி மேல் விரலை அமுக்காமல் வைத்து, வலது கையால் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருந்தேன். முதலில் 'டக் டக்' என்று செத்த சத்தம். மெல்ல மெல்ல அமுக்கினால் ஒரு இரைச்சல், இன்னும் துளி அமுக்கினால் சுத்தமான சுரம். அந்த இடத்தில் நிறுத்தினேன். அவ்வளவு லேசாக நான் ஒரு நாளும் பிடித்ததில்லை. விரலை ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் இன்னும் குறைவாகவே போதும். ஃபிரெட்டை விட்டுத் தள்ளி வைத்தால்தான் இரைகிறது, இரைந்ததும் நாம் நெரிக்கிறோம்.

அதோடு, கிட்டார் கழுத்துக்குப் பின்னால் இருக்கிற கட்டைவிரலை எடுத்துவிட்டு ஒரு முழுப் பாட்டு வாசித்துப் பாருங்கள். நிலையாக அப்படி வாசிக்கச் சொல்லவில்லை, பரிசோதனைக்குத்தான். கட்டைவிரல் இல்லாமலே பெரும்பாலான கார்டு ஒலிக்கும். கட்டைவிரல் அதுவரை செய்துகொண்டிருந்ததெல்லாம் வீண் சண்டை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

எல்லாரும் கையையே குற்றம் சொல்கிறீர்கள். கிட்டாரையும் பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. மூலையில் சாத்தி வைத்திருந்த கிட்டாரின் அடிப்பாகம் பையோடு நனைந்தது. காயவைத்து எடுத்தேன், ஒட்டு எதுவும் விடவில்லை, பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் வாசித்தால் பத்து நிமிடத்தில் கை விட்டுப்போகும். எட்டு மாதம் என் சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன். கடையில் கேட்டதற்கும், "பயிற்சி பத்தாது" என்றார்கள்.

கடைசியில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நானே அளந்தேன். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் தடித்த கம்பி 4 மி.மீ. உயரத்தில் நின்றது. அகூஸ்டிக் கிட்டாரில் 2.5 மி.மீ. அளவில் இருந்தால் போதும். ஈரத்தில் பிரிட்ஜுக்கு (பெட்டி மேல் கம்பிகளை மாட்டுகிற கட்டை) பின்னால் மேல்பலகை உப்பியிருக்கிறது, அதோடு கம்பியும் ஏறியிருக்கிறது. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்குகிற பட்டையான சேடிலைத் தேய்த்து இறக்கினேன், தடித்த 12 செட் கம்பியைக் கழற்றிவிட்டு அதைவிட மெல்லிய 11 செட் போட்டேன். அடுத்த நாளே ஒரு மணி நேரம் வாசித்தேன்.

எஃப் கார்டு மட்டும் குறிப்பாகக் கஷ்டம் என்றால் நட்டையும், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற பட்டையையும், பாருங்கள் தம்பி. மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அமுக்கினால், முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். நிறைய இருந்தால் எத்தனை வருடம் சாதகம் செய்தாலும் எஃப் உங்களை அழவைக்கும்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து:

வலது கைக்கு என் பங்கு. நான் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார். ஒரு சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் நாள் வில்லுப்பாட்டு, மறுநாள் நாங்கள். வேடிக்கை பார்க்க முந்தின ராத்திரியே போய்விட்டேன். வில்லுப்பாட்டுப் புலவர் பத்து மணிக்கு, வில்லின் நாணை அடிக்கிற வீசுகோலை எடுத்தவர் இரண்டு மணிக்கும் அதே வேகத்தில் இருந்தார். வயது அறுபதுக்கு மேல்.

காபி குடிக்க இறங்கினபோது, "அண்ணாச்சி, கை வலிக்காதா?" என்று கேட்டேன். "நான் எங்க தம்பி அடிக்கேன்? கோலை நாணு மேல போடுதேன், அது திருப்பி அனுப்புது" என்றார்.

கோல் விழுந்து எழுவதைத் திரும்பவும் பார்த்தேன். பிடி அவ்வளவு தளர்வு. நான் கம்பியை மீட்டுகிற சின்னத் தகடான பிக்கைத் திருப்புளி பிடிப்பது போலப் பிடித்து, முழங்கையிலிருந்து கம்பியை அறைந்துகொண்டிருந்தவன். இப்போது ரிதத்துக்கு 0.60 மி.மீ. மெல்லிய பிக். விழுந்துவிடுமோ என்று தோன்றுகிற அளவுக்குத்தான் பிடி. கை கழுவிவிட்டு நீரை உதறுவோமே, அந்த அசைவுதான். முதல் வாரம் பிக் நாலைந்து தடவை கீழே விழுந்தது உண்மை.

பாளையங்கோட்டையிலிருந்து:

பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன், ஊசிக்கோபுரத் தேவாலயத்துக்குப் பக்கம்தான் வீடு. மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் "மெதுவாக வாசி, வேகம் தானாக வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதி உண்மை அது.

நம்ம ஊர் சரளி வரிசையில் மூன்று காலம் (மூன்று வேகம்) எதற்கு வைத்தார்கள்? தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் விடுங்கள். தட்டுக்கு ஒரு சுரம், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. தட்டு மாறாது, கைதான் மாறும். முதல் காலத்தில் தோளும் தாடையும் இறுகுகிறதா என்று பார்க்க நேரம் கிடைக்கும். மூன்றாம் காலத்துக்குப் போகும்போது அதே தளர்வு கூடவே வர வேண்டும். வராவிட்டால் இறங்கிவிடுங்கள்.

வேகத்துக்குத் தனியாக ஒன்று: உங்களால் நிம்மதியாக முடிவதைவிடக் கூடுதல் வேகத்தில் நாலே நாலு சுரம். உடனே கையை முழுக்கத் தளரவிட்டு ஒரு தட்டு ஓய்வு. அது சுத்தமாக வந்தால் எட்டு, அப்புறம் பதினாறு. என் மாணவர்களில் பலருக்குச் சுரம் வாசிப்பதைவிட அந்த ஓய்வுதான் கஷ்டம். இறுக்கத்தை விடவே தெரியாது.

அசதி வேறு, வலி வேறு. ஓய்வெடுத்ததும் போனால் அசதி. குத்தினாலோ விரல் மரத்தாலோ ராத்திரி எழுப்பினாலோ கிட்டாரை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நான் ஒரு தேர்வுக்காக அதைத் தாண்டி வாசித்து, ஆறு மாதம் சும்மா இருந்தேன்.

இடையன்குடிப் பக்கத்திலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. முக்கூடல் அண்ணன் சொன்ன ஏழாவது ஃபிரெட் சோதனையைச் செய்தேன், வெட்கமாகிவிட்டது. ஸ்கேல் வைத்தும் அளந்தேன், 3.5 மி.மீ. வண்ணாரப்பேட்டை அண்ணாச்சி, 1 மி.மீ. இறக்கச் சேடிலில் 1 மி.மீ. தேய்த்தால் போதும்தானே? உப்புத்தாள் எத்தனாம் நம்பர்?

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

போதாது தம்பி. பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் பாதி தூரம். அங்கே 1 மி.மீ. இறங்க, சேடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும். அடிப்பக்கத்தை மட்டும் தேயுங்கள், மேல்வளைவில் கை வைக்காதீர்கள். 120-இல் தொடங்கி 400-இல் முடியுங்கள். ஒரே மூச்சில் எடுத்துவிடாமல் அரை அரை மி.மீ.யாகத் தேய்த்து, கம்பி மாட்டி மாட்டிப் பாருங்கள். கூடிப்போனால் புதுச் சேடில்தான் வாங்க வேண்டும், நான் இரண்டு வாங்கினேன்.