மறு: மோல் அளப்பது எதை? ‘பொருளின் அளவு’க்கு ஒரு மாற்று

> ‘பொருளின் அளவு’ பாடநூலில் ஊறிப்போன சொல். அதை ஏன் கலைக்க வேண்டும்? நீளம்தான் சிக்கல் என்றால் ‘மோலளவு’ என்று சுருக்கிவிடலாமே.

மோல் என்ற அலகு அளக்கும் அளவைக்கு (amount of substance) ‘பொருளின் அளவு’ ஊறிப்போன சொல்தான், அதைத் தொட எனக்கும் தயக்கம்தான். ஆனால் வாக்கியத்துக்குள் போட்டுப் பாருங்கள்: ‘18 கிராம் நீரின் பொருளின் அளவு ஏறத்தாழ 1 மோல்.’ படிக்கிற மாணவர், அதான் 18 கிராம் என்று சொல்லிவிட்டாரே, இன்னும் என்ன அளவு என்று கேட்பார். கேட்பதும் நியாயம். பொருளின் அளவு என்றால் யாருக்கும் முதலில் நிறைதான் நினைவுக்கு வரும். நிறைக்குக் கிலோகிராம் தனியே இருக்கிறது. மோலை 1971இல் அனைத்துலக அலகு முறையில் (SI) ஏழாவது அடிப்படை அலகாகச் சேர்த்ததே, நிறையிலிருந்து வேறான ஒன்றை அளக்கத்தான்.

எலெக்ட்ரானுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 1 மோல் எலெக்ட்ரான்களின் மின்னூட்டம் ஏறத்தாழ 96,485 கூலும். இங்கே ‘பொருள்’ எது?

‘மோலளவு’ வேண்டாம். அலகின் பெயரால் அளவையை அழைப்பது, நிறையைக் ‘கிலோகிராமளவு’ என்பது போலாகிவிடும்.

என் பரிந்துரை ‘துகள்தொகை’. 2019 மே 20 முதல் நடப்பில் உள்ள வரையறைப்படி 1 மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். பழைய வரையறைக்கு அடிப்படையாக இருந்த கார்பன்-12 (கார்பன் அணுவின் ஒரு வகை) இப்போது அதில் இல்லை. ஆகவே சொல்லிலும் நாம் எண்ணும் துகளே முன்னால் நிற்கட்டும். இதில் எனக்குப் பிடித்தது, ‘எந்தத் துகள்?’ என்ற கேள்வியைச் சொல்லே கிளப்பிவிடுவது. 1 மோல் ஆக்சிஜன் என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. அணுக்கள் என்றால் 16 கிராம், மூலக்கூறுகள் என்றால் 32 கிராம். தேர்வில் மதிப்பெண் பறிபோகும் இடமே அதுதான்.

புணர்ச்சி இலக்கணப்படி ‘துகட்டொகை’ என்றல்லவா வர வேண்டும் என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். மக்கள்தொகையை அப்படியே எழுதிப் பழகிவிட்டோம், இதையும் அப்படியே விடலாம்.

‘துகள் எண்ணிக்கை’ என்ற யோசனையும் வந்திருந்தது. நல்ல சொல்தான், ஆனால் அது வேறொரு அளவைக்கு வேண்டும். எண்ணிக்கை அலகில்லாத வெறும் எண். அதை அவகாட்ரோ மாறிலியால் (ஒரு மோலுக்கு 6.02214076 × 10²³) வகுத்தால் கிடைப்பதே மோலில் சொல்லும் துகள்தொகை. ஒரே சமன்பாட்டில் இரண்டும் வரும்போது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இல்லாவிட்டால் எழுதவே முடியாது.

அப்புறம், ஒளியை அளக்கும் அலகான கேண்டெலாவுக்கான ‘ஒளிச்செறிவு’ என்ற சொல். கரைசலின் அடர்வையும் ‘செறிவு’ என்றே எழுதிவருகிறோம், அங்கேயும் இடிக்கிறது. அதைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம். முதலில் ‘துகள்தொகை’யை ஆளுக்கொரு வேதியியல் கணக்கில் போட்டுப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று சொல்லுங்கள்.