வன்னிக் குளங்களில் காட்டுத்தாரா தேடி: வழிகாட்டி இல்லாமல், கைக்காசுக்குள் போனவர்கள் எழுதுங்கள்

முருங்கன் பொடியன்:
போன மாரியில் மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக் குளத்துக்குப் போனேன். பஸ்ஸில் முருங்கனில் இறங்கி, மாமாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, ஒரு சோற்றுப் பாசலோடு குளக்கட்டில் ஏறினேன். வழிகாட்டிக்குக் கொடுக்கக் காசும் இல்லை, அந்தப் பக்கம் எனக்கு வழி தெரியாததும் இல்லை. கட்டுக்கரையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தேக்கம் அணையால் திரும்பி வந்த அருவியாற்றுத் தண்ணீர், நாமக்கோழி, கூழைக்கடா, எல்லாம் வழமைபோலத்தான்.

சொல்ல வந்தது வேறு. தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக்குக் கிட்ட ஒரு வயதானவர் சைக்கிளைச் சாத்திவைத்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கரியரில் கட்டியிருந்த உரப்பை அசைந்தது. பையின் ஓட்டையால் ஒரு தலை வெளியே நின்றது. கபில நிறத் தலை, கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை. நீலச்சிறகித் தாரா, ஆண். சொண்டு நுனியில் ஒரு துளி தண்ணீர் விழாமல் நின்றது.

"ஒண்டு ஆயிரத்தைஞ்ஞூறு" என்றார். வேண்டாம் என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீர் மாஸ்டரின்ர மகனெல்லோ? அதே நெத்தி. மாஸ்டர் சோடியாத்தான் எடுப்பார். உரிச்சுக் குடுக்கவேணும், ஒரு இறகு ஒட்டியிருந்தாலும் வாங்கமாட்டார்."

அப்பா சைவம். சாகும்வரை வீட்டில் ஒரு முட்டை அவிக்க விட்டதில்லை. இதை நான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்படிப் போன இடத்தில் எதையாவது பார்த்துவிட்டோ கேட்டுவிட்டோ வந்து, அது மனத்தைக் குடைந்துகொண்டிருக்கிறவர்கள் எழுதுங்கள்.

பழைய துவக்கு:
தம்பி, மாஸ்டர் என்றால் ஊருக்குப் பத்துப் பேர். நெற்றியைப் பார்த்து அப்பாவைச் சொல்கிற ஆள் வியாபாரி. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விற்கப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

என் கதை சண்டைக்கு முந்தியது. பெரியப்பாவிடம் லைசென்ஸ் உள்ள துவக்கு ஒன்று இருந்தது. தோட்டா விலை என்பதால் ஒற்றைத் தாராவுக்குச் சுடமாட்டார். அலைகரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கூட்டம் நெருங்கி மிதக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். வழிகாட்டி, செலவு என்ற பேச்சே அப்போது இல்லை. போகும்போது பழஞ்சோறு, வரும்போது கறி. மறுநாள் சாப்பிடும்போது பல்லில் ஈயக் குண்டு கடிபட்டால் கோப்பை ஓரத்தில் வைப்போம், டிங் என்று சத்தம் கேட்கும்.

ஒருநாள் வெடி வைத்ததும் ஒரு சிறகி செட்டை முறிந்து தாமரைக்குள் விழுந்தது. எடுத்து வா என்று என்னை அனுப்பினார். கொடி காலில் சுற்றச் சுற்றத் தேடினேன். சத்தம் கேட்கிறது. இலையைத் தூக்கினால் அடுத்த இலைக்குக் கீழே கேட்கிறது. பொழுதுபட்டுவிட்டது, முதலைக்குப் பயந்து ஏறிவந்தோம். பெரியப்பா வழி முழுக்கத் தோட்டாக் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு இப்போதும் தாமரைக் குளத்தைக் கண்டால் காது அந்தப் பக்கம் போகும்.

ஈரி ஏரிக்கரை:
நான் கிளிநொச்சி, இப்போது ஒன்ராறியோவில். இங்கே தாரா வேட்டை சட்டப்படி நடக்கிறது, வழிகாட்டி இல்லாமலும் போகலாம். ஆனால் 'மலிவு' என்று நினைத்து இறங்காதீர்கள். துவக்குக்கு லைசென்ஸ், வேட்டைப் பயிற்சி வகுப்பு, மாகாண அனுமதி, அதற்கு மேல் புலம்பெயர் பறவைகளுக்கென்று மத்திய அரசின் பத்திரமும் முத்திரையும். துவக்கில் மூன்று தோட்டாவுக்கு மேல் போகாதபடி அடைப்புப் போட்டிருக்க வேண்டும். தாரா நாளுக்கு ஆறுதான் சுடலாம். ஈயக் குண்டு கூடாது. சேற்றில் கிடக்கிற குண்டைக் கல்லென்று விழுங்கித் தாராக்கள் நஞ்சேறிச் சாகின்றன என்று 1999இல் நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். காசு மிச்சம் பிடிக்கிற இடம் ஒன்றே ஒன்று: தாராக்களை ஏமாற்றி இறக்க மிதக்கவிடுகிற பொம்மைத் தாராக்களைப் பழையதாக வாங்கி, பொதுச் சதுப்பு நிலத்துக்கு ஆட்களோடு சேர்ந்து ஒரே வான் வண்டியில் போவது.

நான் முதலில் விழுத்தியது ஊசிவால் வாத்து. மன்னாருக்கு வருகிற அதே இனம். தண்ணீருக்குள் இறங்கி எடுத்தேன். கை விறைத்துப்போயிருந்தது. உடம்பு இன்னும் சுடச்சுட இருந்தது. காலில் ஒரு அலுமினிய வளையம், பறவை எங்கே போகிறது என்று அறிய ஆராய்ச்சிக்காரர் போடுகிறது. இலக்கங்கள் பாதி தேய்ந்து, நகத்தால் தடவித்தான் வாசிக்க முடிந்தது. அவர்களுக்கு அறிவித்தேன். எங்கே, எந்த ஆண்டு வளையம் போட்டார்கள் என்று ஒரு சான்றிதழ் வந்தது, வாழ்த்தோடு. நான் கனடாவுக்கு வருவதற்கு முந்திய ஆண்டு. அத்தனை குளிர்காலமும் தெற்கே போய்ப் போய்த் திரும்பிவந்தது, நான் காத்திருந்த மூலைக்கு வந்து விழுந்திருக்கிறது. மனிசி அந்தச் சான்றிதழைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தா. நான் கழற்றிவிட்டேன்.

அடுத்த மாரிக்கு ஊருக்கு வருகிறேன். இரணைமடுப் பக்கம் தெரிந்த யாரிடமாவது துவக்கு இருக்குமா?

நந்திக்கடல் ரீச்சர்:
ஈரி அண்ணை, இருந்தாலும் கேட்காதீங்கோ. வனவிலங்குச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. வங்காலை 2008இலிருந்து சரணாலயம், 2010இல் உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்த்தாச்சு. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. கொக்கிளாய் அதுக்கெல்லாம் முந்தியே சரணாலயம். வளையத்துக்கு மனம் வருந்துகிறவர் இங்கே துவக்குத் தேடுவது எனக்கு விளங்கவில்லை.

நான் வகுப்புப் பிள்ளைகளோடு பூநாரை பார்க்கப் போனேன். செலவு இல்லை. ஓட்டோக்காரர் ஒரு மாணவியின் தகப்பன், அவரும் எங்களோடு நின்று பார்த்தார். பறவைகள் தூரத்தில் நின்றதால் பிள்ளைகள் பற்றைக்குள்ளால் குறுக்கே இறங்கத் தொடங்கினார்கள். எருமை மேய்க்கிற ஐயா ஒருவர் தடியை எறிந்தார். எங்களுக்கு முன்னால்தான் வந்து விழுந்தது. "மாடு போன தடத்தால வாங்கோ! மாடு போகாத இடத்தில கால் வைக்காதேங்கோ!" என்று கத்தினார்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எதுவும் அங்கே இல்லை. கண்ணிவெடி எடுத்துவிட்டார்கள் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். அந்த ஐயாவிடம் கேட்டேன், "இருக்குதோ?" என்று. எருமையைப் பார்த்துக்கொண்டே, "என்ர ரெண்டு மாடு போனது அதிலதான்" என்றார். எப்போது என்று கேட்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். பழைய கதையா, போன வருடமா? பிள்ளைகள் குளம்படியில் குளம்படியில் கால் வைத்து வரிசையாகத் திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

சும்மா சொல்கிறேன்:
நான் வங்காலையில் குரங்கிடம் பாசலைப் பறிகொடுத்தேன், அதுதான் என் அனுபவம். ஆனால் போகிறவர்களுக்குச் சில விஷயம். ஒக்டோபருக்கு முந்திப் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். வடக்கு ஆசியாவிலிருந்து வருகிறவை வந்துசேர வேண்டும், ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். டிசம்பர், ஜனவரி நல்லது, ஆனால் மழைக்குள் கமராவைக் காப்பாற்ற ஒரு சொப்பிங் பை போதும், உறை வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் தலைமன்னார் ரயில் ஓடினால் அதில் ஏறித் திருக்கேதீச்சரத்தில் இறங்கலாம், அங்கிருந்து வங்காலை கிட்டத்தான். காலையில் வெயில் முதுகில் படுகிற மாதிரி நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாத் தாராவும் கறுப்பாகத்தான் தெரியும். வாடைக்காற்று வீசினால் காற்று மறைவான கரையைப் பாருங்கள், அங்கேதான் ஒதுங்கி இருக்கும். வெள்ளைச் சேட்டு வேண்டாம். பைனாகுலர் இரவல் வாங்குங்கள். குளக்கட்டில் நின்றே பார்க்கலாம், அலைகரைக்கு இறங்க வேண்டாம், முதலை இருக்கிறது. தண்ணீர் கொண்டுபோங்கள். தலைவலி மாத்திரை ஒன்றும். சேற்றில் சப்பாத்தைவிட பாட்டா செருப்பு நல்லது, அறுந்தாலும் நட்டமில்லை. ரீச்சர், பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது கிராம அலுவலர் விதானையாரிடம் முதலில் கேட்டிருக்கலாம்.

நந்திக்கடல் ரீச்சர்:
விதானையாரிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன். அவர்தான் அந்த இடத்தைக் காட்டினவர்.

பழைய துவக்கு:
குரங்கிடம் பாசலைக் கொடுத்தவர் எங்களுக்கு வகுப்பெடுக்கிறார். சரி, ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன், வெள்ளைச் சேட்டு வேண்டாம். பெரியப்பா காக்கிதான் போடுவார்.

ஈரி, ரீச்சர் சொன்னதைக் கேளும். துவக்கு இருக்கிற ஆளும் இப்போது வெளியே எடுக்கமாட்டான். அந்த ஈயக் குண்டு விஷயம் எனக்குப் புதிது. நாங்கள் வெடி வைத்த குண்டெல்லாம் கட்டுக்கரைச் சேற்றுக்குள்தானே கிடக்கும்?

ஈரி ஏரிக்கரை:
கிடக்கும். லேசில் கரையாது.

சரி, துவக்குப் பேச்சை விடுகிறேன். பைனாகுலர் என்னிடம் நல்லது ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன். முருங்கன் பொடியன், மாமாவின் சைக்கிள் இரண்டு பேருக்குத் தாங்குமா?

முருங்கன் பொடியன்:
தாங்கும், பின் ரயருக்குக் காற்று அடிக்க வேண்டும். பழைய துவக்கு ஐயா, நீங்கள் சொன்ன பெரியப்பாவும் ஒரு மாஸ்டரோ?