ஏர்கோன் அறையில் துறவி நண்டுத் தொட்டி: ஹீட்டர் வேண்டுமா, வேண்டாமா?

செராஸ் மாடிவீடு:
வணக்கம். மகளுக்காக மூன்று துறவி நண்டுகள் வளர்க்கிறோம். இரண்டு அடிக் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, அடியில் இரண்டு அங்குல மணல். தொட்டி அவள் படுக்கும் அறையில் இருக்கிறது. இரவெல்லாம் ஏர்கோன் 20-ல் ஓடும். விடியற்காலையில் பார்த்தால் தொட்டிக்குள் 22 பாகை, ஈரப்பதம் 55 விழுக்காடு. நண்டுகள் சங்குக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன, தொட்டாலும் மெதுவாகத்தான் அசைகின்றன. வாங்கிய கடையில் 100 வாட் சூட்டு விளக்கு மாட்டச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது ஐம்பது ரிங்கிட். என்ன செய்யலாம்?

ஜெலுத்தோங் காற்று:
விளக்கு வேண்டாம் அக்கா. ஹீட்டரே வேண்டாம். உமாங்-உமாங், அதாவது இந்தத் துறவி நண்டு, நம் கடற்கரை உயிர். அதற்கு 24 முதல் 29 பாகை போதும். கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் ஏர்கோன் போடாத அறை இரவில் அந்த அளவில்தான் இருக்கும். ஹீட்டர் கட்டாயம் என்று இணையத்தில் எழுதுபவர்களில் பாதிப் பேர் பனி கொட்டும் ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டுக் கணக்கு நமக்கு எதற்கு? தொட்டியை ஹாலுக்கு மாற்றுங்கள். ஒரு காசு செலவில்லை.

கெப்போங் தொட்டிக்காரன்:
ஹாலில் எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. கொண்டோ ஹாலில் இடம் கிடைப்பது பெரும்பாலும் பால்கனிக் கதவு ஓரம்தான். மூடிய கண்ணாடித் தொட்டியில் மாலை வெயில் நேராக விழுந்தால் கொஞ்ச நேரத்திலேயே உள்ளே 40-ஐத் தொடும். குளிரில் நண்டு சோர்ந்து போகும், நமக்கும் கவனிக்க நேரம் கிடைக்கும். சூட்டில் அந்த அவகாசம் இல்லை. வெந்துபோன நண்டு பழுப்பாக ஒரு நீரை விடும். அதற்குப் பிறகு பிழைப்பது அபூர்வம்.

இன்னொன்று, டெங்கிக்கு அடிக்கும் புகை. கொசுவைக் கொல்லும் மருந்து நண்டையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகள். பால்கனிப் பக்கம் தொட்டி இருந்தால் புகை நேராக அதற்குள் போகும். வீட்டில் கரப்பான் பூச்சிக்கு ஸ்ப்ரே அடிப்பதும் அப்படித்தான்.

அதனால் தொட்டி அறையிலேயே இருக்கட்டும். கண்ணாடியில் ஒட்டும் 8 வாட் ஹீட் மேட் (சூட்டுத் தகடு) ஒன்று, கூடவே சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 5.76 யூனிட்தான், கரண்ட் பில்லில் மூன்று ரிங்கிட்டைத் தாண்டாது. கடைக்காரர் சொன்ன விளக்கு அதே கணக்கில் 72 யூனிட் தின்னும்.

ஜெலுத்தோங் காற்று:
வெயில் படாத சுவர் ஓரம் எந்த ஹாலிலும் இருக்கும் தம்பி. புகை அடிக்கும் நாளில் கதவு ஜன்னலைச் சாத்தி, தொட்டியை உள்ளறைக்கு நகர்த்தினால் போதும்.

நீங்கள் சூட்டையே பேசுகிறீர்கள், எனக்கு ஈரப்பதம்தான் கவலை. இந்த நண்டு செவுளால் மூச்சு விடுகிறது. செவுள் காய்ந்தால், நீரில் மூழ்கியது போலத்தான் அதற்கு, மூச்சு முட்டிச் சாகும். 75 முதல் 85 விழுக்காடு ஈரம் வேண்டும். இப்போது கணக்கைப் பாருங்கள். 22 பாகையில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றை, தண்ணீர் சேர்க்காமல் 28-க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறக்குறைய 56-க்கு இறங்கிவிடும். அக்காவின் தொட்டியில் இப்போதே 55தான். கம்பிவலை மூடியோடு ஹீட்டர் வைத்தால் நண்டு கதகதப்பாகக் காய்ந்து சாகும்.

கெப்போங் தொட்டிக்காரன்:
அதை நான் மறுக்கவே இல்லை. வலையை எடுத்துவிட்டுக் கண்ணாடி வெட்டி மூட வேண்டும். கையில் காசில்லை என்றால் இன்றைக்கே பிளாஸ்டிக் ராப்பை இழுத்து ஒட்டி, மூலையில் விரலளவு இடைவெளி விடலாம். ஆனால் மூடி சூட்டை உண்டாக்காது. நண்டின் உடம்பிலும் சூடு கிடையாது. எட்டு மணி நேரம் ஏர்கோன் ஓடினால் தொட்டியும் அறையின் அளவுக்குத்தான் இறங்கும். எங்கிருந்தாவது சூடு வந்தே ஆக வேண்டும்.

தெலுக் பஹாங் அக்கா:
இருவரும் மணலை விட்டுவிட்டீர்கள். இரண்டு அங்குலம் போதவே போதாது. நண்டு தோலுரிக்க மண்ணுக்குள் முழுதாகப் புதைய வேண்டும். குறைந்தது 15 செ.மீ. ஆழம், பெரிய நண்டென்றால் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு. ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரம். இரண்டு அடித் தொட்டியில் அவ்வளவு மணல் போட்டால் நாற்பது கிலோவுக்கு மேல் வரும். பகலில் வாங்கிய சூட்டை அந்த ஈரமணல் இரவில் மெதுவாகத்தான் விடும். பின்பக்கமும் பக்கவாட்டிலும், பாசார் மீன்கடையில் போடும் வெள்ளைப் போலிஸ்டிரீன் பெட்டியை வெட்டி, கழுவி ஒட்டுங்கள். பிறகு வெப்பமானியைப் பாருங்கள்.

புதைந்த நண்டைத் தோண்ட மட்டும் வேண்டாம். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். செத்துவிட்டதென்று நினைத்து மண்ணைக் கிளறிச் சாகடித்தவர்கள் ஏராளம்.

கெப்போங் தொட்டிக்காரன்:
பள்ளி விடுமுறையில் பகலிலும் ஏர்கோன் ஓடுமே அக்கா, மணல் எந்தச் சூட்டைச் சேர்த்து வைக்கும்? அதற்காகத்தான் மேட் கேட்கிறேன். ஒட்டுகிற இடம் முக்கியம். தொட்டிக்கு அடியில் ஒட்டவே கூடாது. நண்டு சூட்டுக்குப் பயந்து கீழேதான் தோண்டும், தோலுரிக்கிற நண்டு அங்கேதான் கிடக்கும். பின்கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே, வெளிப்பக்கம் ஒட்டுங்கள். போலிஸ்டிரீனை மேட்டின் மேல் அழுத்தி ஒட்ட வேண்டாம், சூடு தேங்கும். தெர்மோஸ்டாட்டின் உணரி மணலின் மேல்பரப்பில் இருக்கட்டும், 27-ல் வையுங்கள். சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை பார்த்து வாங்குங்கள், இரவெல்லாம் குழந்தை படுக்கிற அறை அது.

செராஸ் மாடிவீடு:
மீன்தொட்டி ஹீட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் போட்டுத் தொட்டியில் வைக்கலாமா? சூடும் ஈரமும் சேர்ந்து கிடைக்குமே.

ஜெலுத்தோங் காற்று:
வேண்டாம் அக்கா. தண்ணீர் வற்றினால் ஹீட்டர் வெடிக்கக்கூடும். இவை ஏறுவதில் கெட்டிக்காரர்கள், பாட்டிலுக்குள் விழுந்தால் வெளியே வர வழியில்லை. இந்த ஒன்றில் தம்பியும் என் பக்கம்தான் நிற்பார்.

கெப்போங் தொட்டிக்காரன்:
நிற்கிறேன்.

ஜெலுத்தோங் காற்று:
ஐம்பது ரிங்கிட்டை முதலில் எதில் போடுவது என்பதில்தான் எனக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. மூடி, மணல், நார்த்தூள், பிறகு ஒரு டிஜிட்டல் ஈரமானி. முள் வைத்த மலிவான ஈரமானியை நம்ப வேண்டாம். எதை வாங்கினாலும் சரிபாருங்கள்: பாட்டில் மூடியில் சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்து, ஈரமானியோடு ஜிப் பையில் அடைத்து ஓர் இரவு விட்டால் அது 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் 7 குறைவாகச் சொல்கிறது என்று அர்த்தம். இப்போதுள்ள 55-ஐயே நம்பலாமா வேண்டாமா என்பது அதில்தான் தெரியும்.

தெலுக் பஹாங் அக்கா:
செராஸ் அக்கா, ஒரு வேண்டுகோள். இவற்றில் ஒன்று போனால் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சாயம் பூசிய சங்கோடு விற்கிறதை வாங்கி நிரப்பாதீர்கள். குஞ்சுகள் கடலில்தான் வளரும், தொட்டியில் பெருக்குவது மிகக் கடினம். அதனால் விற்பனைக்கு வருவதில் ஏறக்குறைய எல்லாமே கடற்கரையில் பிடித்தவைதான். நன்றாக வைத்திருந்தால் பல ஆண்டு வாழும் உயிர் அது. எங்கள் ஊர்த் தேசியப் பூங்காக் கரையில் ராத்திரி டார்ச்சோடு வந்து பொறுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

செராஸ் மாடிவீடு:
புரிகிறது அக்கா. மகளிடமும் சொல்கிறேன். இன்றிரவு ராப் போட்டு மூடுகிறேன், ஏர்கோனை 25-க்கு ஏற்றுகிறேன். சனிக்கிழமை மணலும் நார்த்தூளும் வாங்குவேன், ஈரமானியை உப்பில் பார்ப்பேன். ஒரு வாரம் கழித்தும் விடியற்காலையில் 24-க்குக் கீழே காட்டினால் அடுத்த மாதச் சம்பளத்தில் மேட்.

கெப்போங் தொட்டிக்காரன்:
ஏர்கோனை 25-க்கு ஏற்றுவது நல்ல யோசனை, அது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மேட் வாங்கும்போது தெர்மோஸ்டாட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். வாங்கினால் இரண்டும் ஒன்றாக.