ஸ்ட்ரூப் டெஸ்ட்டுக்கும் பிடிக்காம போறதுக்கும் என்ன சம்பந்தம்?

நிலா: செமினாருக்கு ஸ்ட்ரூப் எடுத்திருக்கேன், சிவப்புன்னு எழுதி பச்சை கலர்ல காட்டி, வார்த்தையைப் படிக்காம கலரைச் சொல்லச் சொல்வாங்களே அதேதான். அதைப் பார்த்த கையோட வர்ற சம்பந்தமே இல்லாத சாதா வார்த்தைகூட லேசா பிடிக்காம போகுதுன்னு மேடம் சொன்னாங்க. நிஜமாவா?

குமரன்: நிஜம்தாங்க. 2013ல ஃப்ரிட்ஸ், டிரைஸ்பாஹ்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் பண்ணிப் பார்த்தது. முதல்ல ஸ்ட்ரூப் வார்த்தை வரும், அதுக்கு பதில் சொல்லவே வேணாம் சும்மா பார்த்தா போதும், அடுத்து நல்லதும் இல்ல கெட்டதும் இல்லங்கிற மாதிரி ஒண்ணு வரும், அது பாசிட்டிவா நெகட்டிவான்னு பட்டன் அமுக்கணும். முன்னாடி வந்ததுல கலரும் வார்த்தையும் முட்டிக்கிட்டிருந்தா நெகட்டிவ் கூடுதலா விழுந்துச்சு. முட்டலே மூளைக்கு ஒரு சின்ன கசப்பு, அது அடுத்து கண்ணுல படுறது மேல ஒட்டிக்குது. எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு இது.

ரேவதி அக்கா: நிலா, இதோட விட்டுடாதம்மா. முட்டலை சமாளிச்சு கலரை சரியா பதில் சொல்லி முடிச்ச பிறகு பார்த்தா, அடுத்து வர்றது மேல இருக்கிற சாய்வு பாசிட்டிவ் பக்கம் திரும்புதுன்னும் ஆய்வு வந்திருக்கு, ஜெயிச்ச திருப்திதான் காரணம்னு சொல்றாங்க.

நிலா: ஓ அப்போ கிளாஸ்ல டெமோ காட்டும்போது யாரையும் கலரை வாய்விட்டு சொல்ல விடக்கூடாது! ரொம்ப தேங்க்ஸ் அக்கா, குமரன் அண்ணா.