பழைய ஆர்டி மாட்டப் போகிறீர்களா? முதலில் ஹேங்கரைப் பாருங்கள்

லிந்தாங் ரோடு:

பழைய ரேசிங் சைக்கிளில் கியர் சரியாக விழவில்லை என்று யார் கேட்டாலும், "ஆர்டியில் எச், எல் திருகு இருக்கும், திருப்பிப் பார்" என்றுதான் பதில் வருகிறது. ஆர்டி என்றால் பின்சக்கரத்தில் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற ரியர் டிரெய்லர். அது சின்னப் பல் பக்கம் எவ்வளவு போகலாம் என்பதற்கு எச் திருகு, பெரிய பல் பக்கத்துக்கு எல் திருகு. திருகு கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஹேங்கர், அதாவது பிரேமில் ஆர்டி தொங்குகிற காது. அதை யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் இருந்த காலத்தில் வாங்கிய பத்து கியர் சைக்கிளில்தான் இன்றைக்கும் காலையில் கடைத்தெருவுக்குப் போவார். பின்னால் இருப்பது சன்டூர் வி-ஜிடி ஆர்டி. பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றினால் செயின் ஸ்போக்கில் போய் விழும். எல் திருகை இறுக்கினால் அந்தப் பல்லுக்கே ஏறாது. ஒரு கடையில், "இதுக்கெல்லாம் சாமான் கிடையாது அங்கள், எல்லாத்தையும் மாத்திடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. 1964இல் ஜப்பானின் மாயேடா நிறுவனம் சன்டூர் பெயரில் கொண்டுவந்த சாய்ந்த இணைகர அமைப்பு அதில் இருக்கிறது. ஆர்டி உள்ளே நகரும்போதே கொஞ்சம் கீழேயும் இறங்கும். அதனால் ஆர்டியில் செயின் சுற்றி ஓடுகிற சின்னச் சக்கரமான மேல் புல்லிக்கும் பல்லுக்கும் உள்ள தூரம் எந்தக் கியரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். 1980களின் நடுவில் காப்புரிமை முடிந்ததும் ஷிமானோவும் மற்ற நிறுவனங்களும் இந்த அமைப்புக்கே மாறினார்கள். அப்படிப்பட்ட சாமானைத் தூக்கிப் போடச் சொன்னால் எப்படி?

சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். புல்லி இரண்டையும் தாங்குகிற கூண்டு பல்சக்கரத்துக்கு நேராக நிற்காமல், அடிப்பக்கம் ஸ்போக்கை நோக்கிச் சாய்ந்திருந்தது. சைக்கிள் வலது பக்கமாக விழுந்தால் முதலில் அடி வாங்குவது ஆர்டிதான். அது தொங்குகிற ஹேங்கர் காது உள்ளே மடங்கிவிடும். காது மடங்கியிருக்கும்வரை எந்தத் திருகும் உதவாது.

நிமிர்த்துவதற்குத் தனிக் கருவி உண்டு. எங்கள் டவுனில் அதற்கு எங்கே போவது? 10 மில்லிமீட்டர் அச்சோடு, பழைய நட்டு வைத்த பின்சக்கரம் ஒன்று இருந்தால் போதும். ஹேங்கர் ஓட்டையின் மரையும் அந்த அச்சின் மரையும் 10 மில்லிமீட்டர், பிட்சும் (மரைக்கு மரை உள்ள இடைவெளி) ஒத்துப்போகும். ஆர்டியைக் கழற்றிவிட்டு, உதிரிச் சக்கரத்தின் அச்சை அந்த ஓட்டையில் கையாலேயே திருகி ஏற்றுங்கள். இப்போது இரண்டு சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ரிம்முக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேலே, கீழே, முன்னே, பின்னே என நாலு இடத்திலும் அளக்க வேண்டும். பெரியவரின் சைக்கிளில் மேலே விரிந்தும் கீழே நெருங்கியும் இருந்தது. உதிரிச் சக்கரத்தையே பிடித்து மெதுவாக நெம்பி, அளந்து, மறுபடி நெம்பினேன். நாலு இடமும் சமமானதும் நிறுத்திவிட வேண்டும். இரும்பு பிரேமுக்கு மட்டும்தான் இது, அலுமினியக் காது ஒடிந்துவிடலாம்.

அப்புறம் மற்றது சீக்கிரம் முடிந்துவிட்டது. கேபிளைக் கட்டாமலேயே செயினைச் சின்னப் பல்லில் போட்டு, மேல் புல்லி அதற்கு நேர் கீழே வரும்வரை எச் திருகு. கையால் ஆர்டியை உள்ளே தள்ளிப் பெடலைச் சுற்றி, பெரிய பல்லில் ஏற வேண்டும், அதைத் தாண்டக் கூடாது என்ற அளவுக்கு எல் திருகு. கியர் மாற்றுகிற லீவரை முழுக்க முன்னால் தள்ளி வைத்துத் தொய்வில்லாமல் கேபிள்.

பெரியவர் அன்றைக்கே ஏறி ஓட்டினார். இந்தக் காலத்து லீவர் மாதிரி 'டிக்' சத்தம் அதில் கிடையாது. செயின் தாவியதும் ஒரு மயிரிழை கூடுதலாகத் தள்ளி, உரசல் அடங்கும்வரை திருப்பி விடுகிறார், ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி. கண் ரோட்டில்தான் இருந்தது.

செம்பனைக்காடு:

அண்ணே, நல்ல பதிவு. என் அனுபவம் கொஞ்சம் வேறு. பழைய இரும்புக் கடையில் பிரெஞ்சு பிரேம் ஒன்று கிடைத்தது, சிம்ப்ளெக்ஸ் ஆர்டியோடு. 1960களில் சிம்ப்ளெக்ஸ் நிறுவனத்தார் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்ய ஆரம்பித்த வகை. பல வருஷம் வெயிலில் கிடந்து, கேபிளை இறுக்கும்போதே உடம்பில் விரிசல் ஓடிவிட்டது. சரி, ஷிமானோ ஒன்றை மாட்டலாம் என்று பார்த்தால் ஹேங்கர் ஓட்டையில் மரையே இல்லை! லேத் பட்டறையில் கொடுத்து 10 மில்லிமீட்டர் மரை வெட்டி, ஆர்டியின் தடுப்பு உட்காருகிற இடத்தையும் அரம் போட்டு எடுத்த பிறகுதான் உட்கார்ந்தது. பழைய பிரேம் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.

ஒரு சந்தேகம். மேட்டில் அழுத்தி மிதித்தால் கியர் தானாகச் சின்னப் பல்லுக்கு இறங்குகிறது. ஆர்டி ஸ்பிரிங் போய்விட்டதா?

லிந்தாங் ரோடு:

தம்பி, ஸ்பிரிங் நன்றாக இருப்பதால்தான் இறங்குகிறது. அது எப்போதும் செயினைச் சின்னப் பல்லுக்கே இழுக்கும், பிடித்து நிறுத்துவது லீவரின் உராய்வுதான். மிதிக்கும்போது பிரேம் கொஞ்சம் நெளியும், லீவர் தளர்ந்திருந்தால் நழுவிவிடும். லீவர் நடுவில் வளையம் வைத்த திருகு இருக்கும், அதைக் கால் சுற்று இறுக்குங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் லீவரைப் பிரித்து வாஷரைத் துடையுங்கள். யாரோ அங்கே எண்ணெய் விட்டிருப்பார்கள், அந்த இடத்தில் எண்ணெய் ஆகாது.

எண்ணெய், கிரீஸ் எல்லாம் புல்லிக்குக் கொடுங்கள். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓடிய ஆர்டியில் புல்லி இரண்டையும் கழற்றினால் உள்ளே மண் கெட்டியாகப் பிடித்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவிக் கிரீஸ் தடவி மாட்டுங்கள். செயின் தேய்ந்திருந்தால் எட்டு கியர் செயினே ஐந்து பல்சக்கரம் உள்ள பிரிவீலுக்கு (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதிக்கு) போதும். ஆனால் பிரிவீல் பல் கொக்கி மாதிரி தேய்ந்திருந்தால் புதுச் செயின் அதில் நிற்காமல் வழுக்கும், அப்போது பிரிவீலையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.