‘கிளார்க் ஆஃப் தி கோர்ஸ்’: எழுத்தர் வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் குழுவின் குதிரைப் பந்தயச் சொற்பட்டியலில் ‘கிளார்க் ஆஃப் தி கோர்ஸ்’ என்பதற்கு ‘மைதான எழுத்தர்’ என்று போட்டிருக்கிறோம். இதை உடனே எடுத்துவிட வேண்டும். அவர் பந்தய ஓடுகளத்தைக் கவனிக்கும் அலுவலர்; எழுதுவதற்காகச் சம்பளம் வாங்குபவர் அல்லர். விடியும் முன்னே ஓடுகளத்தைக் கால்நடையாகச் சுற்றி வருவார். புல் எங்கே பெயர்ந்திருக்கிறது, தடுப்புக்கம்பி எங்கே ஆடுகிறது, எந்தத் திருப்பத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பார்ப்பார். உள்பக்கப் புல் தேய்ந்துபோனால் கம்பியை வெளியே நகர்த்தச் சொல்வார்.

நான் தினமும் மதுரை ரேஸ்கோர்ஸ் சாலையில் நடக்கிறேன். பெயரில் மட்டும்தான் குதிரை; விளையாட்டரங்கில் ஓடுவது பள்ளிப் பிள்ளைகள். கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பந்தயம் நடந்திருக்கிறது. அது சூதாட்டமல்ல, திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாம்தான் மற்றவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடாமல், குதிரையோட்டியைக் குறிக்கும் ‘ஜாக்கி’யோடு நின்றுவிட்டோம்.

அந்த அலுவலரின் பெயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் அவர் அறிவிக்கிற ‘கோயிங்’, அதாவது ஓடுகள மண் எவ்வளவு இறுகி அல்லது இளகியிருக்கிறது என்பதைக் குறிக்கும் சொல்லைப் பிடிக்க வேண்டும். ‘போக்கு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மண்ணின் நிலைக்கும் போக்குக்கும் என்ன உறவு?

திருமங்கலம் கரிசலில் என் அப்பா ஏர் பூட்டுமுன் ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டுவார். உருண்டையைக் கீழே போடுவார். உதிர்ந்தால் உழவு, அப்படியே ஒட்டிக்கிடந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அவர் அதற்குச் சொன்ன சொல் ‘பதம்’. பந்தயத்தில் கருவி வேறு, அவ்வளவுதான்: தரையில் ஊன்றிய கம்பியின் மேல் ஓர் எடையை விழவிட்டு, கம்பி மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். ஆகவே ‘களப்பதம்’. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு போதும்; இங்கே போதாது. நேர்தடம் இறுகியிருக்கும், திருப்பம் குழைந்திருக்கும். பல இடங்களில் குத்திப் பார்த்தால்தான் பதம் சொல்ல முடியும்.

அலுவலருக்கு ‘ஓடுகளப் பொறுப்பாளர்’ என்பது என் பரிந்துரை. ஓடுகளத்துக்கு, குதிரையோடும் வெளியைக் குறிக்கும் ‘செண்டுவெளி’ என்ற பழஞ்சொல்லைச் சிலர் விரும்புகிறார்கள். அழகான சொல்தான். ஆனால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள், செண்டுப்பூ கிலோ என்ன விலை என்று கேட்பார்கள்.

மறுமொழி:

ஐயா, களப்பதம் நன்று. இலக்கணத்தில் பகுபதம், பகாப்பதம் இருப்பதால் குழப்பம் வருமோ என்று யோசித்தேன். வராது, குதிரை இலக்கணம் படிப்பதில்லை. ‘பொறுப்பாளர்’தான் உறுத்துகிறது. கேட்டதும் கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் நினைவுக்கு வருகிறார். ‘களமேலாளர்’ என்றால் என்ன?

மறுமொழி:

அம்மா, மேலாளரை இதற்குச் செலவழித்துவிட்டால் பந்தயக் கழகத்தின் மேலாளருக்கு எங்கே போவது? ஆனால் கட்சி வாடை பற்றிச் சொன்னது சரி. ‘ஓடுகளக் கண்காணிப்பாளர்’ என்று வைத்துக்கொள்வோம். ‘கண்காணி’ கோயில் கல்வெட்டிலேயே இருக்கிற சொல். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் கசப்பு அதில் ஒட்டியிருக்கிறது என்பதும் தெரியும். ‘கண்காணிப்பாளர்’ என்று நீட்டும்போது அது பெரும்பாலும் போய்விடுகிறது.

களப்பதத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன். பிரிட்டனில் அதை ஏழு படியாகப் பிரிக்கிறார்கள். நாம் இப்படித் தொடங்கலாம்: கல்லாய்க் கிடந்தால் கட்டாந்தரை, அடுத்தது இறுகல், பிறகு நற்பதம், அதிலிருந்து சற்று நெகிழ்ந்தால் இளம்பதம், குளம்பு நன்றாக இறங்கினால் இளக்கம், காலை இழுத்தால் சேற்றுப்பதம். கணக்கில் ஒன்று குறைகிறது. இறுகலுக்கும் நற்பதத்துக்கும் நடுவில் உள்ளதற்கு எனக்குச் சொல் அகப்படவில்லை. குழுவில் உழுத கை யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.