அம்மம்மாவின் 80: கிணற்றடிப் பக்கம்

குழு விவரம்: அம்மம்மாவுக்குத் தெரியக்கூடாது. அவவுக்குப் பக்கத்தில் இருக்கும்போது யாரும் இந்தக் குழுவின் குரல் பதிவுகளைப் போட்டுக் கேட்க வேண்டாம்.

சனி, இரவு 7.40

நான்: [படம்] அம்மம்மாவின் 80ஆவது பிறந்தநாளுக்கான ஸ்கிராப்புக்கின் முதல் பக்கத்தை அடுக்கிப் பார்த்தேன். ஏ4 மட்டையில் 14 படங்கள். இரண்டு மணித்தியாலம் இருந்து அடுக்கியும் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரித்தான் இருக்கிறது. எங்கே பிழை?

மச்சாள் (ரொறன்ரோ): முதலில் ஒன்று சொல்லும். ஒட்டிப்போட்டீரோ?

நான்: இல்லை மச்சாள். சும்மா வைத்துத்தான் படம் எடுத்தேன்.

மச்சாள் (ரொறன்ரோ): நல்லது. அப்படியே விடும். எது உண்மையான படம், எது பிரதி?

நான்: எல்லாம் பிஸ்கட் ரின்னில் இருந்த உண்மையான படங்கள்தான்.

மச்சாள் (ரொறன்ரோ): அவற்றைத் திரும்ப ரின்னிலேயே வையும். ஸ்கிராப்புக்கில் பிரதி மட்டும்தான். கத்தரிக்கலாம், பிழைத்தால் இன்னொன்று எடுக்கலாம். உண்மையான படத்தில் ஒரு தரம் கம் பட்டால் பட்டதுதான்.

பெரியம்மா: ஓம் பிள்ளை, அதை நான் அனுபவித்தவள். 80களில் ஒட்டுகிற பக்கம் உள்ள அல்பங்கள் வந்தன. மேலே பொலித்தீன் தாள், கீழே பசைக்கோடு. என் கலியாணப் படங்கள் முழுக்க அதில்தான். இப்போது பக்கமெல்லாம் மஞ்சள், படங்கள் கழன்று வரவே மாட்டேன் என்கின்றன.

மச்சாள் (ரொறன்ரோ): பெரியம்மா, இழுக்க வேண்டாம். மெழுகு பூசாத பல்நூல் கிடைத்தால் படத்துக்குப் பின்னால் மெதுவாக நுழைத்து, இரண்டு பக்கமும் பிடித்து அறுப்பதுபோல இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் அப்படியே விட்டு, பக்கத்தோடு சேர்த்து ஸ்கான் எடுக்கலாம்.

தம்பி: ஸ்கான் வேலை எனக்கு. அங்குலத்துக்கு எத்தனை புள்ளியில் எடுக்க?

மச்சாள் (ரொறன்ரோ): 600 வையும் தம்பி. அச்சுக்கு 300 போதும். அதனால் 600இல் எடுத்தால் படத்தை இரண்டு மடங்காகப் பெருப்பித்தாலும் அச்சு தெளிவாக வரும்.

நான்: சரி, பிரதி எடுப்போம். ஆனால் 14 படங்களை என்ன செய்ய? எதையும் விட மனம் இல்லை.

மச்சாள் (ரொறன்ரோ): விட வேண்டாம், அடுத்தடுத்த பக்கங்களுக்கு வையும். ஒரு பக்கத்துக்கு ஒரு கதை. அந்த 14இல் உம்முடைய கண் முதலில் எங்கே போகிறது?

நான்: கிணற்றடிப் படம். நீள மரத் துலாவால் தண்ணீர் இறைக்கிற கிணற்றடியில் அம்மம்மா நிற்கிறா. கறுப்பு வெள்ளை.

மச்சாள் (ரொறன்ரோ): அப்போது அதுதான் பக்கத்தின் தலைவர். அதைப் பெரிதாக எடும், 7 × 5 அங்குலம். கூட இரண்டு சின்னப் படம் போதும். மட்டையை அகலப்பாட்டில் வையும்.

இங்கே கடைகளில் 12 அங்குலச் சதுரத் தாள்தான் ஸ்கிராப்புக்குக்கென்று விற்பார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம், ஏ4 தாராளம். வரைதல் கொப்பி வாங்கும்போது மட்டையில் 'அசிட் ஃபிரீ' என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாரும். மலிவான மட்டையில் அமிலம் இருக்கும், நாள்பட மஞ்சளாகும். பழைய பத்திரிகை மஞ்சளாவதும் அப்படித்தான். செலோரேப் வேண்டவே வேண்டாம்.

நான்: கம் இல்லாமல் எப்படி நிற்கும்?

மச்சாள் (ரொறன்ரோ): மூலைக்குத் தாள் மடித்துப் போடும். 2 அங்குல நீளம், 1 அங்குல அகலத் துண்டு. நீளப் பக்கத்தின் நடுவில் இருந்து இரண்டு முனைகளையும் கீழே மடித்தால் முக்கோணம் வரும். அந்தப் பைக்குள் படத்தின் மூலை போகும். பசை முக்கோணத்தின் முதுகில் மட்டும்.

சின்னம்மா: எங்கள் வீட்டு அல்பங்களிலும் இந்த முக்கோணங்கள்தான் இருந்தன. கறுப்புத் தாள், படத்துக்குக் கீழே வெள்ளைப் பென்சிலால் அப்பாவின் எழுத்து.

நான்: சின்னம்மா, கிணற்றடிப் படத்தின் கீழ் மூலையில் ஒரு பெரிய மண்ணிறக் கறை. அதன் மேல் பூ ஸ்டிக்கர் ஒன்று ஒட்டி மறைக்கலாம் என்று நினைக்கிறேன்.

சின்னம்மா: மறைக்காதே பிள்ளை.

சின்னம்மா: அது மழைத் தண்ணீர். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து நாங்கள் கோண்டாவிலில் இருந்து வெளிக்கிட்டபோது பட்டது. யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனமே ஒரே றோட்டில் நின்றது. செம்மணி வெளி தாண்டி நாவற்குழிப் பாலத்துக்கு வர விடிந்துவிட்டது. நான் உடுப்புப் பை, அம்மம்மா இந்த ரின். மூடி சரியாக இறுகவில்லை. தன் சேலைத் தலைப்பால் அதை மூடிக்கொண்டு நடந்தா. கைதடியில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் படங்களை ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தா. அலுமாரியில் விட்டுவந்த அல்பங்கள் அடுத்த வருசம் நாங்கள் திரும்பி வந்தபோது இல்லை. அந்தக் கறுப்புத் தாள் அல்பங்களும்தான். ரின்னில் இருந்தவைதான் மிச்சம்.

நான்: இது எனக்குத் தெரியாது சின்னம்மா.

மச்சாள் (ரொறன்ரோ): எனக்கும்தான். கறை இருக்கட்டும். பின்தாளுக்கு அந்தக் கறையின் மண்ணிறத்தையே எடும். படத்துக்கு அடியில், சுற்றிவர 3 மில்லிமீற்றர் தெரிகிற மாதிரி. பக்கத்தில் வேறு நிறமே வேண்டாம். மினுக்கு எழுத்தும் வேண்டாம்.

நான்: தலைப்பு 'இனிய 80' என்று எழுதியிருந்தேன்.

மச்சாள் (ரொறன்ரோ): அதை முன்மட்டைக்கு வையும். இந்தப் பக்கத்துக்குக் 'கிணற்றடி' போதும்.

இரவு 8.55

நான்: [படம்] இப்போது பாருங்கள். பெரிய படம் நடுவில்.

மச்சாள் (ரொறன்ரோ): நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒடுங்கிய வெறுமைதான் கிடைக்கும். இடப்பக்கம் தள்ளும். துலா இடது மேல் மூலையில் இருந்து வலப்பக்கம் சரிகிறது, அம்மம்மாவின் பார்வையும் வலப்பக்கம்தான். அந்தப் பக்கத்தில் இடம் விட்டால் அவ பக்கத்துக்குள்ளே பார்ப்பா. வலது ஓரத்தில் வைத்தால் தாளுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பா. எழுத்து அந்த இடத்தில்.

நான்: மேலே கொஞ்சம் வெட்டட்டோ? இடது மேல் விளிம்பில் துலாவில் நிற்கிற யாருடையவோ கால்கள் இரண்டு தெரிகின்றன. முழங்காலுக்கு மேல் ஆளே இல்லை. வெட்டினால் துப்புரவாக இருக்கும்.

மச்சாள் (ரொறன்ரோ): யார் என்று கேட்டுவிட்டு வெட்டும்.

மாமா: வெட்டாதே. அது நான்.

மச்சாள் (ரொறன்ரோ): அப்பா?!

மாமா: 1979. எனக்கு 14 வயது. அயலில் பலரிடம் வோட்டர் பம் வந்துவிட்டது, எங்களுக்கு இன்னும் துலாதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் துலா மிதிப்பேன், அம்மா தண்ணீர் அள்ளுகிற பட்டையைப் பிடித்து வெங்காயத்துக்குத் தண்ணீர் விடுவா. கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை இறங்கும், திரும்பி நடந்தால் மேலே வரும். யாழ்தேவி ரயிலில் லீவுக்கு வந்த சித்தப்பாதான் படம் எடுத்தார். நான் மேலே நிற்பதை அவர் கவனிக்கவில்லை. 'கால் தெரிந்தால் போதும், உன்னை எனக்குத் தெரியும்' என்று அம்மா அப்போது சொன்னா.

சின்னம்மா: அண்ணா, இவ்வளவு காலமும் இதைச் சொல்லவே இல்லையே.

மாமா: யாரும் கேட்கவில்லை.

மச்சாள் (ரொறன்ரோ): மச்சாள், விளிம்பில் ஒரு மயிரளவும் வெட்டாதையும். அப்பா சொன்னதை உம்முடைய கையெழுத்தில் எழுதும். ரைப் பண்ண வேண்டாம். சாதாரணக் குமிழ்முனைப் பேனை நாள்பட மங்கும். பிக்மென்ற் மை உள்ள பேனை கிடைத்தால் நல்லது. யார், எங்கே, எப்போது, யார் எடுத்தது. அந்த நாலும் கட்டாயம்.

நான்: எழுதிவிட்டுப் போடுகிறேன்.

தம்பி: படத்தின் பின்பக்கத்திலும் எழுதி வைக்கட்டோ?

மச்சாள் (ரொறன்ரோ): மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பேனையால் எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும்.

ஞாயிறு, காலை 6.15

நான்: [படம்] சின்னப் படங்களில் ஒன்றையும் பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டேன். பக்கத்தின் படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தபோது அந்தச் சின்னப் படம் கண்ணை இழுத்தது. இப்போது வலப்பக்கத்தில் பாதி வெறுமை. எழுத்து இதுதான்:

'கோண்டாவில், 1979. வெங்காயத்துக்குத் தண்ணீர். படம் எடுத்தவர் சித்தப்பா. அம்மம்மா கயிற்றைப் பிடித்திருக்கிறா. மேலே தெரிகிற கால்கள் மாமாவுடையவை. கீழே இருக்கிற கறை 1995 ஒக்டோபர் 30 மழை.'

பெரியம்மா: போதும் பிள்ளை. இதற்கு மேல் ஒன்றும் வைக்காதே.

மாமா: ஒரு திருத்தம். எடுத்தவர் உனக்குச் சித்தப்பா முறை இல்லை, எனக்குத்தான் சித்தப்பா. 'மாமாவின் சித்தப்பா' என்று போடு. அப்புறம், கயிறு இல்லை. துலாக்கொடி என்று எழுது.